சோதனைப் பதிவு

துவான் ரிஸ்லானுக்கு ஆவணப்படங்களில்
ஆசை ஏதும் இருந்ததில்லை.
கொம்பனித்தெருவில், சலூனுக்கு மேல்மாடியில்
வீடியோ டெக் திருத்துகிற கடை.
திருத்தி முடித்ததும்
அந்நேரம் ரீவியில் என்ன போகிறதோ
அதைக் கொஞ்சம் பதிந்து
திருப்பிப் போட்டுப் பார்ப்பார்.
படம் ஆடவில்லையென்றால் சரி, நிறுத்திவிடுவார்.
பிறகு யாரும் சண்டைக்கு வந்தால் காட்ட
கசற்றை வைத்துக்கொள்வார்.

ஆட்கள் வருவது வேலை விட்டு, ஆறு மணிக்கு.
ஆறுக்கும் செய்திக்கும் நடுவில்
ஓட்டை அடைக்கப் போட்டார்கள்
ஐந்து நிமிசத் துண்டுப் படங்களை.

அப்படித்தான் மிஞ்சியது, மிஞ்சியதெல்லாம்.

நிலையத்துக்கு மூன்று கடிதம், இரண்டு படிவம்.
"அந்த ரேப்புகளுக்கு மேல
கிரிக்கெட் அடிச்சாச்சு மிஸ்"
என்றார் களஞ்சியத்துக்காரர்,
கொஞ்சம் வெட்கப்பட்டு.

ரிஸ்லானின் மகள் ரிஸ்மியா தந்தது
இரண்டு பிஸ்கற் பெட்டி, நாற்பத்தொரு கசற்.
கடற்காற்று உள்ளே போய்
வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது.
வெள்ளவத்தையில் என் அறை, ஜன்னல் சாத்தி,
பஞ்சிகாவத்தையில் வாங்கிய பெல்ற் மாட்டிய மெசினில்
மெல்ல மெல்ல ஓடவிட்டுத் துடைத்தேன்.
ஒரு கசற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பேரே வாவியில் கூழைக்கடா வாயைத் திறக்கிறது.
மீன் வரவில்லை. நின்றுவிட்டது.
தபால் பெட்டிக்குச் சிவப்புப் பூசுகிறவர்
முதுகுப் பக்கம் போக முன்னமே
ரிஸ்லானுக்குத் திருப்தி வந்துவிட்டது.
'மழைத்தண்ணீர் எங்கே போகிறது?'
காலி வீதியிலிருந்து புறப்பட்ட தண்ணீர்
நாற்பது வருசமாய்
கானுக்குள்ளேயே நிற்கிறது.

எல்லாவற்றிலும் ஒரே குரல். ஒரு பெண்.
கூழைக்கடா என்ற சொல்லை
அவசரப்படாமல், ழகரம் முழுதாய்,
நாவால் தடவிச் சொல்கிறவள்.
பேர் கடைசியில் போடுவார்கள்.
கடைசி எதிலும் இல்லை.

கசற் உறையெல்லாம் ரிஸ்லானின் கணக்கு.
பேர், பழுது, கூலி, திகதி.
'டி சில்வா, பெல்ற், 60.'
'மிஸிஸ் ஜுனைதீன், பூச்சி பூந்தது, 85.'
'வன்னியசேகரம், ஹெட் தேய்வு, 175. 22.7.83.'
அதன் பக்கத்தில் பிறகு எழுதியது, வேறு மையில்:
எடுக்க வரவில்லை.

புரட்டாதியில் அதே கூழைக்கடா மறுபடி வருகிறது.
அதே வாவி, அதே வாய்.
குரல் வேறு.
அதற்குப் பிறகு அவள்
எந்தக் கசற்றிலும் பேசவில்லை.

வன்னியசேகரத்தின் பதிவை மட்டும்
ரிஸ்லான் நிறுத்த மறந்திருக்கிறார்.
யாரோ கடைக்குள் வந்து கதைகொடுத்திருக்கலாம்.
'மழைத்தண்ணீர் எங்கே போகிறது?'
முழுதாய்.
கானைக் கடந்து, ரெயில் பாதைக்குக் கீழால்,
கற்களுக்கு நடுவில் மண்ணிறமாய்
கடலுக்குள் போய்ச் சேர்ந்தது.
நான் எழும்பி நின்று பார்த்தேன்.

பிறகு எழுத்து ஏறியது. ஒளிப்பதிவு. ஒலி. குரல்:
அந்த வரியில் சரியாய்
ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே கிழித்தது.
ஹெட் திருந்தவேயில்லை.
மிஞ்சியது ஒரு 'கி'.
ஜானகியோ, வைதேகியோ.

கோட்டை அழித்து உள்ளே எழுத்து நிரப்ப
இப்போது மென்பொருள் இருக்கிறது என்றான் ஒருவன்.
நிரப்புகிற பேர் யாருடைய பேர்?
கோட்டோடேயே சேமித்தேன், மூன்று இடத்தில்.

போன கிழமை ரிஸ்மியாவிடம் போனேன்.
கடை இப்போது போன் கவர் விற்கிறது.
மேல் தட்டில், பொலித்தீன் சுற்றி,
அந்த டெக் இருந்தது.
"வாப்பா விற்க விடேல்ல.
ஆக்கள்ட சாமானாம்."

நூற்றெழுபத்தைந்து ரூபா எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு தேத்தண்ணிக் காசு.
அவள் சிரிக்கவில்லை.
பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து
பற்றுச்சீட்டு எழுதினாள்,
வன்னியசேகரம் பேரில்.